சீசன் பிளைட் எண்டா என்ன? அதை வச்சு மூண்டு நாலு நாள் ட்ரிப் போறது எப்பிடி?

"புதிய நேரடி விமான சேவை ஆரம்பம்" எண்டு எங்கயாவது ஒரு செய்தி வந்தா எங்கட குடும்ப வட்ஸ்அப் குரூப்புக்கு அது அஞ்சு நிமிசத்துல வந்திடும், பின்னால மச்சாள் "விலை பாத்தீங்களா, சரியான மலிவு" எண்டு போடுவா, அதுக்குப் பின்னால சித்தப்பா "அப்ப எப்ப போறம்" எண்டு கேப்பார். நான் திருப்பிக் கேக்கிறது ரெண்டே ரெண்டு கேள்விதான். கிழமைல எந்தெந்த நாள் பறக்குது? எந்தத் தேதி வரைக்கும் பறக்குது? இந்த ரெண்டையும் அநேகமா ஒருத்தரும் பாத்திருக்க மாட்டினம், எல்லாரும் விலையைத்தான் பாத்திருப்பினம். ஆனா சின்ன ட்ரிப் ஒண்டை நல்லதாக்கிறதும் பாழாக்கிறதும் அந்த ரெண்டு விசயமும்தான், அதனால அடியில இருந்து சொல்லுறன்.

எங்களுக்கு வருசம் எண்டா ஜனவரில தொடங்கி டிசம்பர்ல முடியும். எயார்லைன்காரருக்கு அப்பிடி இல்லை. அவையளுக்கு வருசத்துக்கு ரெண்டே சீசன், சமர் ஒண்டு, வின்டர் ஒண்டு. மார்ச் மாசத்து கடைசி ஞாயிறு சமர் தொடங்கும், அக்டோபர் மாசத்து கடைசி ஞாயிறு வின்டர் தொடங்கும். 2026ல பாத்தா மார்ச் 29ல இருந்து அக்டோபர் 24 சனி வரைக்கும் சமர், அடுத்த நாள் 25ம் தேதி ஞாயிறு வின்டர். அதென்ன கடைசி ஞாயிறு எண்டு கேப்பீங்கள். ஐரோப்பால மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுறதும் பின்னுக்கு இழுக்கிறதும் அந்த ரெண்டு ஞாயிறும்தான். லண்டன்லயோ பாரிஸ்லயோ சொந்தக்காரர் இருந்தா இது தெரிஞ்சிருக்கும், கோல் எடுக்கிற நேரம் திடீரெண்டு மாறுமே, அதே நாள். நேரம் மாறினா டைம்டேபிள் முழுக்க மாறத்தான் வேணும், அதோட சேர்த்து எந்த ரூட்டுக்கு எத்தினை பிளைட், எந்த ரூட்டைக் கைவிடுறது, எதைப் புதுசா தொடங்கிறது எல்லாத்தையும் மாத்திப் போடுவினம்.

இதுக்கு எங்கட பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. இண்டிகோ எண்ட இந்தியக் கம்பெனி திருச்சில இருந்து யாழ்ப்பாணத்துக்கு பிளைட் தொடங்கினது 2025 மார்ச் 30. கலண்டரை எடுத்துப் பாருங்கோ, அது ஞாயிற்றுக்கிழமை, அந்த மாசத்து கடைசி ஞாயிறு, சமர் சீசன்ர முதல் நாள். எல்லா ரூட்டும் இப்பிடி அச்சொட்டா சீசனோட தொடங்கும் எண்டு இல்லை, அதே இண்டிகோ சென்னை - யாழ்ப்பாணத்தை 2024 செப்டெம்பர் 1ல தொடங்கினது, நடுச் சீசன். ஆனா புது ரூட் அறிவிப்பு கூடுதலா மார்ச் கடைசிலயும் அக்டோபர் கடைசிலயும் குமிஞ்சு வாறதுக்குக் காரணம் இதுதான்.

சரி, ஒரு ரூட்டை வருசம் முழுக்க ஓட்டாம ஒரு சீசனுக்கு மட்டும் ஓட்டினா அதுதான் சீசன் பிளைட், ஏன் அப்பிடி ஓட்டுறது? விமானம் எண்டுறது நிலத்துல நிண்டா நட்டம். லீஸ் காசு, பைலட் சம்பளம் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும், அது பறக்கிற நேரத்துலதான் உழைக்கும். அதனால ஆக்கள் எங்க போக ஆசைப்படுகினமோ அங்க அந்தந்த மாசத்துக்கு விமானத்தைத் திருப்பி விடுவினம். சூரிச்ல இருந்து எடெல்வைஸ் எண்ட சுவிஸ் கம்பெனி எங்கட கொழும்பு எயார்போர்ட், கட்டுநாயக்காவுக்கு வாறது அங்க குளிர் காலத்துலதான், ஏனெண்டா அப்பதான் சுவிஸ்காரருக்கு எங்கட தெற்குக் கடற்கரை வேணும், எங்களுக்கும் அந்தப் பக்கம் கடல் அடங்கியிருக்கிற காலம் அது. மே பிறந்து தென்மேல் பருவமழை தொடங்கினா ஹிக்கடுவ பக்கம் கடல் கொந்தளிக்கும், அப்ப ஆர் வரப்போகினம்.

விமானம் மட்டுமில்லை, காங்கேசன்துறை - நாகபட்டினம் கப்பலை நினைச்சுப் பாருங்கோ. 2023 அக்டோபர் 14 பெரிய விழா வச்சுத் தொடங்கினவை, ஒரு கிழமைக்குள்ளயே மழைக்காலம் எண்டு நிண்டிட்டுது, பிறகு 2024 ஆகஸ்ட் மாசம்தான் திரும்ப ஓடத் தொடங்கினது. கப்பலுக்குக் கடல் சீசனை முடிவு செய்யுது, விமானத்துக்கு ஆக்களின்ர விருப்பம் முடிவு செய்யுது. விசயம் ஒண்டுதான்.

ஸ்லொட் எண்டு இன்னொரு சொல்லு அடிபடும், அதையும் சொல்லிப்போட்டு விடுறன். லண்டன் ஹீத்ரோ மாதிரி நெரிசலான எயார்போர்ட்டுகள்ல இறங்கி ஏற நேரம் ஒதுக்கிக் குடுப்பினம், அதுதான் ஸ்லொட். ஒரு சீசன்ல கிடைச்ச ஸ்லொட்டை 80 வீதமாவது பாவிச்சாத்தான் அடுத்த வருசம் அதே சீசனுக்கு அது திரும்பக் கிடைக்கும், இல்லாட்டி கைவிட்டுப் போகும். அதனால சில ரூட்டுகள் கூட்டம் இல்லாட்டியும் விடாம பறக்கும், அப்பிடியான இடத்துல மலிவு டிக்கெட் அம்பிடும். எங்கட சின்ன ட்ரிப்புக்கு இவ்வளவு தெரிஞ்சாப் போதும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறன். கிழமை நாள்.

புது ரூட்டும் சீசன் ரூட்டும் அநேகமா தினமும் பறக்காது, கிழமைக்கு மூண்டு தரம், சிலது ரெண்டு தரம்தான். டைம்டேபிள்ல நாட்களை நம்பரா போட்டிருப்பினம், 1 எண்டா திங்கள், 7 எண்டா ஞாயிறு. "2 4 6" எண்டு இருந்தா செவ்வாய், வியாழன், சனி. இந்த மூண்டு நம்பருக்குள்ளதான் உங்கட ட்ரிப் அடங்க வேணும், வேற வழி இல்லை. வியாழன் போய் சனி வந்தா ரெண்டு இரவு. சனி போய் செவ்வாய் வந்தா மூண்டு இரவு. வியாழன் போய் செவ்வாய் வந்தா அஞ்சு இரவு. நீங்கள் ஆசைப்படுற "வெள்ளி பின்னேரம் போய் ஞாயிறு இரவு வாறது" எண்டுறது இந்த ரூட்டுல கிடையவே கிடையாது, எவ்வளவு மலிவா இருந்தாலும்.

அப்ப என்ன செய்யிறது எண்டா போயா கலண்டரைத் தூக்கி அதுக்குப் பக்கத்துல வையுங்கோ. எங்கட நாட்டுல மாசம் ஒரு போயா லீவு, அதாவது பௌர்ணமி லீவு, கட்டாயம் வரும், அது எந்தக் கிழமை நாளிலயும் விழும். வெள்ளிக்கிழமை போயா வந்தா வியாழன் - சனி ட்ரிப்புக்கு ஒரே ஒரு நாள் லீவு போட்டாப் போதும். திங்கள் போயா வந்தா சனி - செவ்வாய்க்கு செவ்வாய் மட்டும், பிளைட் காலமை வந்து இறங்கினா அதுவும் அரைநாள்தான். வெசாக் போயாவுக்கு அடுத்த நாளும் லீவு, அதை மறக்காதீங்கோ. நான் வருசத் தொடக்கத்துல புதுக் கலண்டர் வந்த உடன செய்யிற முதல் வேலை, வெள்ளியும் திங்களும் விழுற போயாக்களைச் சுத்தி வட்டம் போடுறது. எங்கட குசினிக் கதவுக்குப் பின்னால தொங்குற கலண்டர்ல சிவப்புப் பேனை வட்டத்தைப் பாத்து அம்மாவே இப்ப "இந்த மாசம் எங்கேயும் போறமோ" எண்டு கேக்கத் தொடங்கிட்டா.

நாளைப் பாத்தாச்சு, அடுத்தது நேரம். இதுல கனபேர் ஏமாறுகினம். ரெண்டு இரவு எண்டா ரெண்டு நாள் கையில இருக்கு எண்டு நினைக்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பாப்பம். வியாழன் பின்னேரம் 5 மணிக்கு இறங்குறீங்கள், சனி காலமை 11 மணிக்கு திரும்புற பிளைட். நடுவுல 42 மணித்தியாலம். இறங்கி இமிகிரேஷன் தாண்டி வெளியில வர ஒண்டு, திரும்பேக்க எயார்போர்ட்டுக்கு மூண்டு மணித்தியாலம் முந்திப் போக வேணும், அப்ப 38. ரெண்டு இரவு நித்திரைக்கு 16ஐக் கழிச்சா 22 மணித்தியாலம், அதுவும் வியாழன் இருட்டின பிறகு கொஞ்சம், சனி விடியக்காலமை கொஞ்சம். உண்மைல உங்களுக்கு இருக்கிறது ஒரு முழு வெள்ளிக்கிழமை. அந்த ஒரு நாளுக்கு எயார்போர்ட்டுல இருந்து நாலு மணித்தியாலம் காரில போற இடத்தைத் தெரிஞ்செடுத்தா றோட்டைத்தான் பாத்திட்டு வருவீங்கள். அதே ரூட்டுல காலமை போய் இரவு திரும்புற மாதிரி நேரம் இருந்தா அது வேற கதை, விலை கொஞ்சம் கூடினாலும் நான் அதைத்தான் எடுப்பன்.

கொழும்புல இருக்கிற எங்களுக்கு ஒரு பெரிய வசதி, பக்கம் பக்கமா இடங்கள் இருக்கு. கட்டுநாயக்காவில இருந்து ஸ்ரீலங்கன் மதுரை, திருச்சி, திருவனந்தபுரம், கொச்சி, சென்னை எல்லாத்துக்கும் பறக்குது, மதுரைக்கும் திருச்சிக்கும் ஆகாயத்துல ஒரு மணித்தியாலம் கிட்டத்தட்ட, சென்னைக்கும் மாலைதீவுக்கும் ஒண்டரை. இந்தியாவோட நேர வித்தியாசம் இல்லை, மாலைதீவு அரை மணித்தியாலம் பின்னால. ஆனா சமர் எண்ட உடன எல்லா இடமும் நல்லா இருக்கும் எண்டு நினைக்கக் கூடாது. எயார்லைன்ர சமர் வேற, எங்கட பக்கத்து வெயில் மழை வேற. இதை ஒரு தரம் விளங்கிக் கொண்டா பிறகு பிழையே வராது.

ஏப்ரல் லீவுக்கு, சித்திரை வருசத்தோட போறதெண்டா மலைக்குப் போங்கோ, சென்னைக்கு வேண்டாம். மே மாசம் முதல் கிழமைல இருந்து சென்னைல கத்திரி வெயில், கல்யாண சாறி எடுக்கப் போறவை வேற வழியில்லாம தி.நகர்ல அலையினம், ட்ரிப் எண்டு காசு குடுத்து அதை அனுபவிக்கத் தேவையில்லை. மதுரைல இறங்கி கார் பிடிச்சா கொடைக்கானல் 120 கிலோமீற்றர் அளவுல, மலை ஏறுறதால மூண்டு மூண்டரை மணித்தியாலம் எடுக்கும். ஒரு விசயம், 2024 மே 7ல இருந்து கோர்ட் உத்தரவால ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போற வாகனத்துக்கு இ-பாஸ் எண்ட ஒன்லைன் அனுமதி வேணும், கார் ஓட்டுறவரிட்ட புக் பண்ணேக்கயே அதைக் கேட்டு வையுங்கோ, மலையடிவாரத்துல நிண்டுகொண்டு போனைத் தட்டுற நிலைமை வரக் கூடாது.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் எண்டா என்ர முதல் தெரிவு குற்றாலம். எங்களுக்கு இங்க தென்மேல் பருவமழை கொட்டேக்க அதே மழை மேற்குத் தொடர்ச்சி மலைல மோதி, மலையைத் தாண்டி அந்தப் பக்கம் தென்காசிக்கு சாரலா விழும், பெருமழை இல்லை, முகத்துல பன்னீர் தெளிச்ச மாதிரி. அருவில தண்ணி நிறைய வாறதும் அப்பதான். ஆகஸ்ட் பள்ளிக்கூட லீவும் அதோட பொருந்தும். மதுரைல இருந்து 160 கிலோமீற்றர் அளவு, திருவனந்தபுரத்துல இருந்தும் மலை தாண்டி வரலாம். அதே மாதத்துல மாலைதீவுக்குப் போனா மழையும் காத்தும், ஆனா அங்க ரூம் விலை குறைஞ்சிருக்கிறதும் அப்பதான், கடலைப் பாத்துக் கொண்டு சும்மா இருக்கத்தான் போறம் எண்டா போகலாம். மாஃபுஷி மாதிரி ஊர்ச்சனம் இருக்கிற தீவுகள்ல கெஸ்ட்ஹவுஸ் இருக்கு, பெரிய ரிசோர்ட் காசு தேவையில்லை.

திருகோணமலை, பாசிக்குடா எல்லாம் இந்தச் சமர் மாதங்கள்லதான் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், கிழக்குக்கு அது நல்ல காலம். இதுக்கு பிளைட்டே தேவையில்லை எண்டாலும் சொல்லாம விட மனசு வரேல்லை.

அடுத்தது எனக்கு மிகவும் பிடிச்ச முறை, போற வழி ஒண்டு வாற வழி இன்னொண்டு. ஓப்பன் ஜோ எண்டு சொல்லுவினம், ஒரு ஊர்ல இறங்கி வேற ஊர்ல இருந்து திரும்புறது. கிழமைக்கு மூண்டு தரம் மட்டும் பறக்கிற ரூட்டை ஒரு பக்கத்துக்குப் பாவிச்சிட்டு, தினமும் கன பிளைட் இருக்கிற ரூட்டை மற்றப் பக்கத்துக்குப் பாவிச்சா நாள் சிக்கல் பாதியாக் குறையும். நான் செய்து பாத்தது இது. வெள்ளவத்தைல இரவு பஸ் ஏறி விடிய யாழ்ப்பாணம், அங்க பெரியம்மா வீட்ட ஒரு நாள், அடுத்த நாள் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு பலாலில இருந்து சென்னை, பிறகு சென்னைல இருந்து கட்டுநாயக்கா. பலாலி 2019 அக்டோபர் 17ல சர்வதேச விமான நிலையமாகி, அந்த நவம்பர்ல சென்னை பிளைட் தொடங்கி, கொரோனாவோட நிண்டு, 2022 டிசம்பர் 12தான் திரும்பவும் தொடங்கினது. அங்க இருந்து பறக்கிறது ஏடிஆர், காத்தாடி வச்ச சின்ன விமானம். செட்டை யன்னலுக்கு மேல இருக்கிறதால யன்னல் சீட்ல இருந்தா கீழ நல்லாப் பாக்கலாம். ஏறிக் கொஞ்ச நேரத்துலயே கரை முடிஞ்சு பாக்கு நீரிணை, ஆழமில்லாத கடல், மணல் திட்டுகள் தண்ணிக்குள்ளால வெளிர் பச்சையா தெரிஞ்சுது, நடுவுல வள்ளங்கள் வெள்ளைப் புள்ளியா நிண்டுது. பெரியம்மா பக்கத்து சீட்ல இருந்து, "இந்தக் கடலைத்தான் அந்தக் காலத்துல வள்ளத்துல கடந்தவை" எண்டு சொல்லிப்போட்டு பிறகு இறங்கும் வரைக்கும் யன்னலை விட்டு முகத்தை எடுக்கேல்லை.

இப்பிடி புக் பண்ணேக்க ரெண்டு தனித்தனி டிக்கெட்டா வரும் எண்டா நடுவுல ஒரு இரவாவது இடைவெளி விடுங்கோ. ஒண்டு பிந்தினா மற்றக் கம்பெனி உங்களுக்காகக் காத்திருக்காது. நல்லூர்த் திருவிழா நாட்கள்ல யாழ்ப்பாணப் பக்கம் எல்லாமே நிறைஞ்சிருக்கும், வெளிநாட்டுல இருந்து வாற எங்கட ஆக்கள் மாதக்கணக்கா முந்தியே சீட் போட்டு வைச்சிருப்பினம், அந்த நேரம் திடீர் யோசனை சரிவராது.

விலையைப் பற்றி. புது ரூட்டைத் தொடங்கேக்க ஆரம்ப விலை எண்டு குறைச்சு விடுறது வழக்கம், ஆனா அந்த விலைக்கு எல்லா சீட்டும் இல்லை. ஒரே பிளைட்ல சீட்டுகளைப் பல விலைத் தட்டாப் பிரிச்சு வைச்சிருப்பினம், கீழ்த்தட்டு முடிஞ்ச உடன அடுத்த தட்டு. நாலு பேருக்கு ஒரேயடியா தேடேக்க கீழ்த்தட்டுல மூண்டு சீட்தான் மிச்சம் எண்டா சில நேரம் நாலு பேருக்கும் மேல்தட்டு விலையைக் காட்டும், அதனால ஒருக்கா ஒரு ஆளுக்குத் தேடிப் பாருங்கோ, வித்தியாசம் இருந்தா பிரிச்சுப் போடுங்கோ. கூகுள் பிளைட்ஸ், ஸ்கைஸ்கனர் ரெண்டுலயும் மாசம் முழுக்க விலையைக் கலண்டர் மாதிரிக் காட்டும், அதுல விலை இல்லாம வெறுமையா இருக்கிற நாளெல்லாம் அநேகமா நேரடி பிளைட் இல்லாத நாள், டைம்டேபிள் தேடாமலே பறக்கிற நாளைக் கண்டுபிடிக்க இது நல்ல வழி. நேரடி மட்டும் எண்டு பில்டர் போட்டிட்டுப் பாக்க வேணும். மலிவுக் கம்பெனிகள்ல கைப்பை அநேகமா 7 கிலோதான், சூட்கேஸுக்குச் சிலது தனிக் காசு வாங்கும், அதையும் கூட்டிப் பாத்திட்டு மலிவோ எண்டு முடிவெடுங்கோ.

இனி எனக்கு நடந்ததைச் சொல்லுறன், ஏனெண்டா இதுதான் ஆரும் முன்கூட்டிச் சொல்லாத விசயம். அம்மாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு அக்டோபர் கடைசில மலைப்பக்கம் போக ஒரு சீசன் ரூட்டுல டிக்கெட் போட்டன், ஹோட்டலும் திருப்பித் தராத விலைல போட்டன், மலிவு எண்டு. போறதுக்கு மூண்டு கிழமை இருக்கேக்க ஒரு ஈமெயில் வந்துது, திரும்புற பிளைட் "அட்டவணை மாற்றம்" காரணமா இல்லையாம், அதுக்கு முதல் பிளைட்டுக்கு மாத்தியிருக்கினமாம், அது மூண்டு நாள் முந்தி. அதாவது நாங்கள் போய் இறங்கி அடுத்த நாளே திரும்ப வேணும். நான் டிக்கெட் போட்ட திரும்புற நாள் சீசன் முடிஞ்ச பிறகான ஞாயிறு, அந்தக் கம்பெனி வின்டருக்கு அந்த ரூட்டைக் கைவிட்டிட்டுது. டிக்கெட் காசு திரும்பி வந்தது, நாலு கிழமை எடுத்தது. ஹோட்டல் காசு போனது போனதுதான். அம்மா ஒண்டும் சொல்லேல்லை, ஸ்வெட்டரை மடிச்சுத் திரும்ப அலுமாரிக்குள்ள வைச்சா, அதுதான் எனக்கு இப்பவும் கிடக்கு.

அதனால சீசன் ரூட்டுல நான் இப்ப செய்யிறது இது. அக்டோபர் கடைசிக் கிழமையையும் மார்ச் கடைசிக் கிழமையையும் தொடுறேல்லை, திரும்புற பிளைட்டுக்குப் பிறகும் குறைஞ்சது ரெண்டு பிளைட்டாவது அந்த சீசன்ல மிச்சம் இருக்க வேணும், ஏனெண்டா ஒண்டு ரத்தானா அடுத்ததுக்கு மாத்தித் தருவினம். ஹோட்டலை ரத்துச் செய்யக்கூடிய விலைலதான் போடுவன், கொஞ்சம் கூடினாலும். ஈமெயிலை தினமும் பாப்பன், முக்கியமா ஸ்பாம் பக்கத்தையும். டிக்கெட்டை எயார்லைன்ர சொந்த இடத்துலயே போடுவன், நடுவுல ஒரு ஏஜென்ட் நிண்டா மாத்தம் வரேக்க அவர் அவையளைக் காட்டுவார், அவையள் இவரைக் காட்டுவினம்.

விசா, பாஸ்போட் விசயம் சுருக்கமா. பாஸ்போட் ஆறு மாசமாவது செல்லுபடியா இருக்க வேணும். இந்தியாவுக்கு எங்கட பாஸ்போட்டுக்கு இ-விசா இருக்கு, குறைஞ்சது நாலு நாள் முந்தி விண்ணப்பிக்க வேணும், நான் ரெண்டு கிழமை முந்திப் போட்டிடுவன். அரசாங்கத்தின்ர உண்மையான தளம் முடிவில gov.in எண்டு இருக்கும், தேடேக்க மேல விளம்பரமா வாற மற்றது எல்லாம் இடைத்தரகர், ரெண்டு மடங்கு காசு புடுங்கும். மாலைதீவுக்கு இறங்கின இடத்துல 30 நாள் விசா இலவசம், ஆனா போறதுக்கு முந்தின 96 மணித்தியாலத்துக்குள்ள இமுகா எண்ட ஒன்லைன் படிவம் நிரப்ப வேணும், திரும்பி வரேக்கயும் ஒருக்கா.

கட்டுநாயக்காவுக்குப் போறதுக்கு விடியப்பறம் பிளைட் எண்டா வெள்ளவத்தைல இருந்து காலி வீதியால போய் பேலியகொடைல ஹைவே ஏறினா அந்த நேரம் வெறும் றோட், பின்னேரம் பிளைட் எண்டா அதே தூரத்துக்கு ரெண்டு மடங்கு நேரத்தை வைச்சுக் கொள்ளுங்கோ, கொழும்புக்குள்ளால வெளியேறுறதுதான் கஷ்டம்.

மச்சாள் போட்ட அந்த மலிவு டிக்கெட் செய்திக்கு நான் கேட்ட ரெண்டு கேள்விக்கும் அவ பிறகு பதில் தேடிப் போட்டா. செவ்வாய், வியாழன், சனி. அக்டோபர் 24 வரைக்கும். ஆகஸ்ட் லீவுக்குள்ள சனி போய் செவ்வாய் வாறதெண்டு முடிவாச்சு, அம்மாவின்ர பெயரும் லிஸ்ட்ல இருக்கு, ஸ்வெட்டரை எடுத்து வெயில்ல போட்டிருக்கிறா.